பார்மேட் ஆகாத மெமரி கார்டு: அழித்த படங்கள் திரும்ப வந்து நிற்கின்றன

கேள்வி

வணக்கம். சில ஆண்டுகளாகக் கேமராவில் பயன்படுத்திவரும் என் 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் செருகி விண்டோஸ் கணினியில் பார்மேட் செய்ய முயன்றால், பச்சைக் கோடு கடைசிவரை ஓடிவிட்டு, பார்மேட்டை முடிக்க இயலவில்லை என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. சரி, படங்களையாவது அழிப்போம் என்று அழித்தால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் அழிகின்றன. கார்டைக் கழற்றி மறுபடி செருகினால் அத்தனையும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. வைரஸாக இருக்குமோ என்று ஸ்கேன் செய்தும் ஒன்றும் அகப்படவில்லை. படங்களுக்கு நகல் எடுத்துவிட்டதால் இழப்பைப் பற்றிய கவலை இல்லை. கார்டை மீட்க வழி உண்டா?

மறுமொழி 1

முதலில் அடாப்டரின் இடப்பக்க விளிம்பில் உள்ள சிறு பூட்டுப் பொத்தானைப் பாருங்கள். அது கீழ்நோக்கித் தள்ளப்பட்டிருந்தால் கணினி கார்டில் எதையும் எழுதாது. பொத்தான் தளர்ந்துபோன அடாப்டர்களில், செருகும்போதே அது தானாகக் கீழே நகர்ந்துவிடுவதும் உண்டு.

மறுமொழி 2

பார்மேட் செய்யும்போது ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு முறையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், ஒருவேளை ஏற்கும்.

மறுமொழி 3

முந்தைய மறுமொழியோடு நான் உடன்படவில்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளுக்கு உரிய முறை எக்ஸ்ஃபேட்தான். எழுதவே இடங்கொடாத கார்டுக்கு முறையை மாற்றுவதால் பயன் ஏதும் இல்லை.

பூட்டுப் பொத்தானும் காரணம் அன்று என்றே நினைக்கிறேன். அந்தப் பொத்தானுக்கும் கார்டின் உள்ளே இருக்கும் சில்லுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அதன் நிலையை உணர்வது கார்டு ரீடரே. பூட்டியிருப்பதாக ரீடர் சொல்லியிருந்தால், கார்டு எழுதுவதிலிருந்து பாதுகாக்கப்பட்டுள்ளது என்று விண்டோஸ் முதல் படத்தை அழிக்கும்போதே மறுத்திருக்கும். உங்களுக்கோ அழிப்பது நடந்ததுபோல் தோன்றி, கழற்றிச் செருகியதும் படங்கள் திரும்புகின்றன. எழுதும் கட்டளைகளை வாங்கிக்கொண்டு உள்ளே எதையும் மாற்றாமல் விட்டுவிடும் கார்டுகளின் வழக்கமான அறிகுறி இது. ஃபிளாஷ் நினைவகம் தேய்ந்தோ பழுதுபட்டோ போகும்போது, இருக்கும் தரவையாவது படிக்க முடியட்டும் என்று சில கார்டுகளின் கட்டுப்படுத்தி எழுதுவதை நிறுத்திவிடும்.

உறுதிசெய்ய, வேறு அடாப்டரும் வேறு ரீடரும் கொண்டு, விண்டோஸில் வட்டுகளைக் கையாளும் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில், வட்டைக் காலிசெய்யும் 'கிளீன்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அதில் தவறான வட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் கணினியின் வட்டே காலியாகிவிடும் என்பதால், பட்டியலில் கொள்ளளவைப் பார்த்து (64 ஜிபி கார்டு 59 ஜிபி அளவில் தெரியும்) கார்டுதான் என்று தெளிந்த பிறகே கட்டளையை இடுங்கள். எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் பார்மேட்டர் மென்பொருளையும் ஒருமுறை முயலலாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. புதிய அடாப்டர், வேறு கணினி, கைபேசி மூன்றிலும் முயன்றேன். டிஸ்க்பார்ட் வெற்றி என்று சொல்லிற்று; கழற்றிச் செருகினேன், அதே பார்ட்டிஷன், அதே படங்கள். எஸ்டி பார்மேட்டர் பாதியிலேயே பிழை காட்டி நின்றுவிட்டது.

மறுமொழி 3

அப்படியானால் ஐயமில்லை, பழுது கார்டில்தான் இருக்கிறது. பயனர் நிலையில் இதைத் திருப்ப வழியில்லை. உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் மாற்றித் தரக் கேட்கலாம், ஆனால் உங்களால் அழிக்க முடியாத படங்கள் அனைத்தும் கார்டோடு சேர்ந்து போகும் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

குடும்பப் படங்கள் நிறைய உள்ளன, திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. குறடால் சில்லோடு சேர்த்து இரண்டாக உடைத்துவிட்டேன்.