முட்டி பாதத்தைத் தாண்டக் கூடாதுன்னு கம்பு வெச்ச மாஸ்டர் யாருக்கெல்லாம் இருந்தாரு?

செல்லூர்க்காரன்
2006, மதுரை. தகரக் கூரை ஜிம், நுழைஞ்சதும் ஆஞ்சநேயர் படம், பக்கத்துலயே அர்னால்டு, எல்லாரும் பாத்திருப்பீங்க. நாங்க ஸ்குவாட், அதான் தோள்ல வெயிட்டோட உக்காந்து எந்திரிக்கறது, அடிக்கும்போது எங்க மாஸ்டர் கால் கட்டைவிரல் நுனில ஒரு கம்பை நட்டமா புடிப்பாரு. முட்டி கம்புல பட்டா எண்ணிக்கை திரும்ப ஒண்ணுலேர்ந்து. நான் நெட்டை, தொடை நீளம், படாம உக்காரணும்னா முதுகத்தான் முன்னாடி சாய்க்கணும், அப்படியே சாய்ச்சு சாய்ச்சு ஒரு நாள் 60 கிலோல இடுப்புல சுளீர்னுச்சு, ரெண்டு வாரம் செருப்பு மாட்டி விடக்கூட தம்பிதான் வரணும். போன மாசம் ஊருக்குப் போனப்ப ஜிம்ம எட்டிப் பாத்தேன். இப்ப ஏசி, கண்ணாடி. ஒரு பையன் குதிகாலுக்கு அடில வெயிட் பிளேட் வெச்சு, முட்டி பாதத்தைத் தாண்டி நாலு விரக்கடை வெளிய வர்ற மாதிரி எறங்கறான், மாஸ்டர் பக்கத்துல நின்னு "இன்னும் எறங்கு, முட்டிய முன்னாடி தள்ளு"ங்கறாரு. "அந்தக் கம்பு எங்க மாஸ்டர்?"னேன். சிரிச்சுக்கிட்டே மூலைய காட்டுனாரு, மாப் குச்சியா நிக்குது. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன். ஏன் சிரிச்சேன்னு இன்னும் தெரியல.

மஞ்சக்கரு
எனக்கு பச்சை முட்டை. காலைல 5 மணிக்கு எவர்சில்வர் டம்ளர்ல 6 ஒடச்சு ஊத்தி கண்ண மூடிட்டு ஒரே மொடக்கு. வீட்ல சைவம், டம்ளர மொட்டை மாடில தண்ணி டேங்குக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருப்பேன். ஒரு நாள் அம்மா வடகம் பிழிய மேல வந்துட்டாங்க, என் வாயோரம் வெள்ளைக்கரு நூலா தொங்குது. ஒண்ணும் சொல்லல, வடகமும் பிழியல, மாவோட கீழ எறங்கிப் போயிட்டாங்க. பத்து வருஷம் கழிச்சுப் படிக்கறேன், வேகவெச்ச முட்டைல புரதம் நூத்துக்கு 90 பங்கு உடம்புல சேருமாம், பச்சையா குடிச்சா பாதிதானாம். அப்ப 6ல 3 சாக்கடைக்குத்தான் போயிருக்கு.

தராசு
நெஞ்சுக்குப் பயிற்சி திங்கக்கிழமை மட்டும்தான்னு ஒருத்தர் சொல்லி நாலு வருஷம் கேட்டேன், என் கதை அம்புட்டுதான். ஆனா செல்லூர்க்காரன், மாஸ்டர குறை சொல்றது நியாயமில்ல. முட்டிய முன்னாடி தள்ளுனா முட்டில லோடு ஏறுங்கறது உண்மைதான், தள்ளாம தடுத்தா அந்த லோடு இடுப்புப் பக்கம் பல மடங்கு போகுதுன்னு 2003லதான் அளந்து காட்டுனாங்க, அதத்தான் உங்க இடுப்பு சொல்லிருக்கு. சரி இனி எல்லாரும் கவனிங்க, யாரும் கேக்கலதான், இருந்தாலும். புரதம் உடம்பு எடைல கிலோவுக்கு 1.6 கிராம் போதும், 70 கிலோ ஆளுக்கு 112. சுண்டல் தின்னே ஏத்திடலாம்னு நெனைக்காதீங்க, 100 கிராம் வெந்த கொண்டைக்கடலைல 9 கிராம்தான். உடம்புல ஒவ்வொரு பார்ட்டுக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை பயிற்சி, மொத்தம் 10 செட் (நிறுத்தாம அடிக்கற ஒரு சுற்று ஒரு செட்), வெயிட் கம்மியா இருந்தாலும் பரவால்ல ஆனா கடைசி ரெண்டு மூணு ரெப், அதான் தூக்கி எறக்கற ஒவ்வொரு தடவையும், திணறணும். கிரியேட்டின், அதான் தசை பலத்துக்கு எடுத்துக்கற பவுடர், தினம் 3லேர்ந்து 5 கிராம், மொத வாரம் 20 கிராம் அள்ளிப் போடணும்னு அவசியமே இல்ல, கிட்னில ஏற்கனவே பிரச்சனைன்னா டாக்டர கேட்டுட்டு. அப்புறம் தூக்கம்

ஷேக்கர்
அண்ணே போதும். வொர்க்கவுட் முடிஞ்சு அரை மணி நேரத்துல புரோட்டீன் குடிக்கலன்னா அடிச்சது எல்லாம் வேஸ்ட்னு ஒரு காலம் இருந்துச்சே, அந்த ஆளு நான். ஜிம்ல இருக்கும்போது போன், தாத்தா போயிட்டாரு. நேரா பைக்க எடுத்துட்டுப் போனேன். வாசல்ல பெஞ்சுல படுக்க வெச்சிருக்காங்க, மாலை கூட இன்னும் வரல. நான் மணி பாக்கறேன், 25 நிமிஷம் ஆச்சு. கொல்லைப்பக்கம் போயி கிணத்தடில நின்னு ஷேக்கர குலுக்கறேன், உள்ள இருக்கற கம்பி உருண்டை சடசடன்னு அடிக்குது, சாக்லேட் வாசம் வேற. ஐஸ் பாரோட வந்த சித்தப்பா அப்படியே நின்னுட்டாரு. "குடிச்சிட்டு வா"ன்னு சொல்லிட்டுப் போனாரு, கோவம் கூட இல்ல. நேரம் அவ்ளோ முக்கியமில்ல, நாள் முழுக்க எவ்ளோ புரதம்ங்கறதுதான் கணக்குன்னு 2013லயே சொல்லிட்டாங்களாம். தாத்தா போனது 2015.

கர்லாகட்டை
எல்லாத்துக்கும் ஆராய்ச்சியா? 1952ல மிஸ்டர் யுனிவர்ஸ் ஆணழகன் போட்டில தன் உயரப் பிரிவுல ஜெயிச்சாரே மனோகர் ஐச், 5 அடி கூட இல்ல. வெள்ளைக்கார அதிகாரிய அறைஞ்சதுக்கு ஜெயில்ல போட்டாங்க, எடை தூக்கிப் பழகுனதே அங்கதான். 2016ல சாகறப்ப நூறு வயசு தாண்டியாச்சு. அவருக்கு எந்த டப்பா பவுடர் இருந்துச்சு? தண்டாலும், உக்காந்து எந்திரிக்கற பஸ்கியும் போட்டவன் கெட்டுப் போனதா நான் பாத்ததில்ல.

தராசு
நூறு வயசு இருந்தவர மட்டும் எண்ணுனா எப்படி. பஸ்கில முட்டி தேஞ்சவரு கதை சொல்ல இங்க வரமாட்டாரு. தூக்கம் பத்தி முழுசா சொல்ல விடல நீங்க, 7 மணி நேரத்துக்குக் கொறையக் கூடாது

கலர் பூசினவன்
எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். மாவட்ட ஆணழகன் போட்டி, ஒரு ஸ்கூல் கிளாஸ் ரூம்தான் மேக்கப் ரூம், போர்டுல யாரோ போட்ட வகுத்தல் கணக்கு அழிக்காம இருக்கு. எங்க கோச் முந்தின நாள் மதியத்துலேர்ந்து சொட்டுத் தண்ணி கூடாதுன்னுட்டாரு. கூட வந்த பையனுக்கு 19 வயசு, உதடு வெடிச்சிருக்கு, "அண்ணே ஒரு மூடி மட்டும்"னான். பாட்டில் என் கைலதான் இருந்துச்சு, கை கழுவ வெச்சிருந்தேன். "கட்டிங் போயிரும்டா"ன்னுட்டேன், தசை வரி வரியா தெரியறதத்தான் அப்படிச் சொல்லுவோம். மேடைல திரும்பி நின்னு முதுகு காட்டும்போது கெண்டைக்கால் புடிச்சு அப்படியே சரிஞ்சான், பலகைல அவன் கை ஊனுன எடத்துல வெண்கலக் கலர்ல அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு. குளுக்கோஸ் ஏத்தி எழுப்புனாங்க. எனக்கு மூணாவது பரிசு. இப்ப அதே கோச் வீடியோ போடறாரு, தசைல முக்கால்வாசி தண்ணிதான், போட்டிக்கு முன்னாடி தண்ணிய நிறுத்துறவன் முட்டாள்னு. நான் லைக் போட்டேன்.

செல்லூர்க்காரன்
அந்தப் பையன் இப்பவும் ஜிம் போறானா?

கலர் பூசினவன்
தெரியல. நம்பர் இருக்கு, கூப்பிடல.