வெப்2பை கன்ட்ரோலர்களில் இறக்குமதி செய்யாத பெயர்களை விஎஸ் கோடுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

தொடக்கப்புள்ளி

பைத்தான் வலைச் சட்டகமான வெப்2பையில் எழுதப்பட்டு, பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயலியின் பராமரிப்பு இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. செயலியில் குறை ஒன்றும் இல்லை. விஎஸ் கோடில் திறந்து பார்த்தால்தான் கண் வலிக்கிறது. கோரிக்கைகளைக் கையாளும் கோப்பான கன்ட்ரோலர் எதைத் திறந்தாலும் ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ், செஷன், டிபி, ஆத், யுஆர்எல், எஸ்க்யூஎல்ஃபார்ம் என எல்லாப் பெயர்களின் கீழும் நெளிகோடு. இறக்குமதி வரி எங்குமே இல்லாததால், இவை வரையறுக்கப்படாத பெயர்கள் என்கிறது விஎஸ் கோடின் பைத்தான் துணைக்கருவியான பைலான்ஸ். பெயருக்குப் பின் புள்ளி வைத்தால் பரிந்துரைப் பட்டியலும் வருவதில்லை.

தேடியபோது ஒரு பழைய உத்தி கிடைத்தது. கோப்பின் தலையில் 'இஃப் ஃபால்ஸ்' என்று எழுதி, அதற்குள் வெப்2பையின் மையத் தொகுப்பான க்ளூவானிலிருந்து எல்லாவற்றையும் இறக்குமதி செய்ய வேண்டுமாம். செய்து பார்த்தேன். அந்தத் துண்டு முழுவதும் மங்கலாகிவிட்டது, நெளிகோடுகள் அப்படியே இருக்கின்றன. பெயர் வரையறை குறித்த எச்சரிக்கையையே அணைத்துவிடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

சேவையகக் காவலன்

அணைக்க வேண்டாம். அந்த எச்சரிக்கை போனால் எழுத்துப்பிழைகளும் சேர்ந்து மறைந்துவிடும். 'ரிக்வெஸ்ட்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும், அந்தப் பக்கத்தை யாராவது திறக்கும்போதுதான் பிழைச்சீட்டு வரும். சரியான வழியை அரைப்புள்ளி சொல்வார், இந்தப் பாழாய்ப்போன சட்டகத்தோடு நீண்ட காலம் குடும்பம் நடத்தியவர்.

அரைப்புள்ளி

பாழாய்ப்போனது என்று சொல்லாதீர்கள் நண்பரே, இன்னும் சோறு போடுகிறது.

முதலில் எடிட்டரின் பக்கத்து நியாயம். வெப்2பை உங்கள் கன்ட்ரோலரை மாட்யூலாக இறக்குமதி செய்வதில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அகராதியை உருவாக்கி, அதில் ரிக்வெஸ்ட், செஷன், டி (மொழிபெயர்ப்புப் பொருள்) போன்றவற்றைப் போட்டு, தரவுத்தள அட்டவணைகளை வரையறுக்கும் மாடல் கோப்புகளை அகர வரிசையில் அதற்குள் ஓட்டி, கடைசியில் கன்ட்ரோலரையும் அதே அகராதிக்குள் ஓட்டுகிறது. டிபி என்ற பெயர் கன்ட்ரோலருக்குக் கிடைப்பது இப்படித்தான். கோப்பை ஓட்டாமல் படிக்க மட்டுமே செய்யும் கருவிக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. பைலான்ஸ் பொய் சொல்லவில்லை, பாதிக் கதைதான் அதற்குத் தெரியும்.

அந்தப் பழைய உத்தி எக்லிப்ஸ், பைடெவ் காலத்தது. அந்தக் கருவிகள் நிபந்தனையைப் பொருட்படுத்தாமல் உள்ளே இருக்கும் இறக்குமதியைப் படித்துக்கொண்டன. பைலான்ஸின் உள்ளே இருப்பது பைரைட் என்ற வகை சரிபார்க்கும் கருவி. 'இஃப் ஃபால்ஸ்' என்றால் இந்தத் துண்டு ஒருபோதும் ஓடாது என்று அது முடிவு கட்டிவிடும். ஓடாத இடத்தில் இறக்குமதியான பெயர் அதன் கணக்கில் இறக்குமதியே ஆகவில்லை. நீங்கள் பார்த்த மங்கல் நிறத்துக்குக் காரணம் அதுதான். (பழைய நிரல்களில் ஃபால்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தால் வியக்க வேண்டாம். பைத்தான் 2இல் ஃபால்ஸ் என்பது யாரும் மாற்றி எழுதக்கூடிய சாதாரணப் பெயர், ஆகவே கம்பைலர் அதை நம்பாது. 0 என்று எழுதினால்தான் அந்தத் துண்டு பைட்கோடிலிருந்தே நீங்கும்.)

இதற்கு இப்போதைய மாற்று 'டைப் செக்கிங்' என்ற மாறி. பெரிய எழுத்துகளில், நடுவில் அடிக்கோடுடன் எழுத வேண்டும். ஓட்டத்தின்போது அதன் மதிப்பு பொய். வகை சரிபார்க்கும் கருவிகளோ அதை மெய் என்றே எடுத்துக்கொள்ளும். டைப்பிங் மாட்யூலிலிருந்து அதைக் கொண்டுவரலாம். அதுகூட வேண்டாம் என்றால், கோப்பிலேயே அந்தப் பெயருக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்துவிட்டு நிபந்தனையில் பயன்படுத்தலாம். பைரைட், மைபை இரண்டும் பெயரைப் பார்த்தே புரிந்துகொள்ளும். பைத்தான் 2இல் இன்னும் ஓடும் செயலிக்கு இது வசதி.

ஆனால் இதைக் கன்ட்ரோலர்தோறும் ஒட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நான் பரிந்துரைப்பது வேறு. உங்கள் பணியிடத்தின் வேர்க் கோப்புறையில் ஒரு ஸ்டப் கோப்பை (ஓடுவதற்கல்லாமல், பெயர்களையும் வகைகளையும் கருவிக்கு அறிவிக்க மட்டுமே உள்ள கோப்பு) உருவாக்குங்கள். பெயர் 'பில்டின்ஸ்', அந்தச் சொல்லின் இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள், பின்னொட்டு 'பிஒய்ஐ'. இந்தப் பெயரில் கோப்பு இருந்தால், அதில் உள்ளவை அனைத்தும் பிரின்ட், லென் போல எங்கும் கிடைக்கும் பெயர்கள் என்று பைரைட் எடுத்துக்கொள்ளும். வெப்2பை ஓட்டத்தின்போது செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தானே.

அந்தக் கோப்பில் முதல் வரியாக க்ளூவானிலிருந்து நட்சத்திர இறக்குமதி. யுஆர்எல், எஸ்க்யூஎல்ஃபார்ம், ரீடைரக்ட், டிஏஎல் (தரவுத்தளத்தோடு பேசும் அடுக்கு), ஃபீல்ட், டிவ் போன்ற எச்டிஎம்எல் உதவிகள், 'இஸ்' என்று தொடங்கும் சரிபார்ப்பிகள் எல்லாம் அதோடு வந்துவிடும். ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ், செஷன் மூன்றும் அதில் வராது. க்ளூவானின் குளோபல்ஸ் மாட்யூலில் அவற்றின் வகுப்புகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து, 'ரிக்வெஸ்ட் என்பது ரிக்வெஸ்ட் வகையைச் சேர்ந்தது' என்று பெயருக்கு ஒரு வரியாக அறிவித்தால் போதும், மதிப்பு எதுவும் தர வேண்டாம். ஆத் பெயருக்கான வகுப்பு டூல்ஸ் மாட்யூலில் உள்ளது. டிபியை டிஏஎல் வகை என்று இப்படியே அறிவியுங்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் பாதை. செயலியின் கோப்புறையை மட்டும் திறந்திருந்தால் க்ளூவான் எங்கே என்று எடிட்டருக்குத் தெரியாது. அமைப்புக் கோப்பில் 'எக்ஸ்ட்ரா பாத்ஸ்' பட்டியலில் வெப்2பையின் வேரைச் சேர்க்க வேண்டும், அதாவது இரண்டு படி மேலே. அதோடு நின்றால் யுஆர்எல் சரியாகும், டிபி சரியாகாது. ஏனென்றால் டிஏஎல் உண்மையில் பைடிஏஎல் என்ற தனித் தொகுப்பு. அது க்ளூவானுக்குள் பேக்கேஜஸ் கோப்புறையில், டிஏஎல் என்ற உட்கோப்புறையில் இருக்கிறது. வெப்2பை தொடங்கும்போது அந்த இடத்தைத் தானே பாதையில் சேர்த்துக்கொள்ளும். எடிட்டருக்கு நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

வெப்2பை முழுவதையும் பணியிடமாகத் திறந்துவைக்கும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். ஸ்டப் கோப்பு அட்மின் செயலிக்கும், ஏன், க்ளூவானின் சொந்தக் கோப்புகளுக்கும்கூடப் பொருந்தத் தொடங்கிவிடும்.

சேவையகக் காவலன்

ஒரு மாற்றுக் கருத்து. உங்கள் வழியில் எடிட்டர் தேவைக்கு அதிகமாக நம்பிவிடுகிறது. மாட்யூல்ஸ் கோப்புறையில் இருப்பவை உண்மையான பைத்தான் மாட்யூல்கள், அங்கே டிபி என்ற பெயரே கிடையாது. ஆனால் ஸ்டப் கோப்பு வந்த பிறகு யாராவது அங்கே டிபி என்று எழுதினால் நெளிகோடு வராது. ஓட்டும்போதுதான் வெடிக்கும். கன்ட்ரோலர்தோறும் நான்கு வரி எழுதுவது அலுப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்பது அங்கேயே தெரியும். பைசார்மில் வேலை செய்யும் சக ஊழியருக்கும் அது உதவும். ஸ்டப் கோப்பு உத்தியோ பைரைட்டுக்கு மட்டுமே.

அரைப்புள்ளி

சரியான குறைதான். குழுவில் ஆளுக்கொரு எடிட்டர் என்றால் காவலன் சொல்வதைக் கேளுங்கள். நான் ஸ்டப் பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. மாட்யூல்ஸ் கோப்புறைக்குள், நடப்புக் கோரிக்கையின் பொருள்களைத் தாங்கும் 'கரன்ட்' வழியாக மட்டுமே எதையும் தொட வேண்டும் என்ற ஒழுங்கு எப்படியும் இருந்தாக வேண்டும். அதிலும் ஃபங்ஷனுக்கு உள்ளே மட்டும். கரன்ட் இழைக்கு இழை மாறும் பொருள். மாட்யூலின் மேல்மட்டத்தில் 'ரிக்வெஸ்ட் = கரன்ட்.ரிக்வெஸ்ட்' என்று எழுதினால், முதல் கோரிக்கையின் பொருளையே பிடித்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே காட்டும். இந்தத் தவறை எந்த நெளிகோடும் பிடிக்காது.

காவலன் சொல்லும் துண்டைக் கன்ட்ரோலரில் எழுதும்போது அதே வரியை டைப் செக்கிங் நிபந்தனைக்குள் எழுதலாம், அது எப்போதும் ஓடாது. அந்த வரியை நகலெடுத்து மாட்யூலில் நிபந்தனை இல்லாமல் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பயம்தான் பெரியது.

தொடக்கப்புள்ளி

ஸ்டப் கோப்பும் இரண்டு பாதைகளும் சேர்த்த பிறகு நெளிகோடுகள் பெரும்பாலும் போய்விட்டன, ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸுக்குப் பட்டியலும் வருகிறது. நன்றி இருவருக்கும். இரண்டு சிக்கல்கள் மிச்சம். டிபி என்ற பெயருக்குப் புள்ளி வைத்தால் எங்கள் அட்டவணைகள் வருவதில்லை. மாடல் கோப்புகளையே ஸ்டப்பில் இறக்குமதி செய்யலாம் என்று பார்த்தால், முந்தையவர்கள் வரிசைக்காகக் கோப்புப் பெயர்களை 0, 1, 2 என்று தொடங்கியிருக்கிறார்கள். இறக்குமதி வரியில் அப்படி ஒரு பெயரை எழுதினாலே இலக்கணப் பிழை.

அரைப்புள்ளி

எண்ணில் தொடங்கும் மாட்யூல் பெயரை பைத்தான் ஏற்காது. பெயரை 'ஏ', 'பி' என்று எழுத்தில் தொடங்கும்படி மாற்றினால் வரிசை கெடாமல் இலக்கணம் சரியாகும். ஆனால் அதற்காகப் பெயர் மாற்றாதீர்கள், பலன் குறைவு. அட்டவணைகள் ஓட்டத்தின்போது 'டிஃபைன் டேபிள்' அழைப்பால் பிறப்பவை. மாடலை இறக்குமதி செய்தாலும் டிபி ஒரு டிஏஎல் என்பதுதான் எடிட்டருக்குத் தெரியவரும், அதற்குள் எந்த அட்டவணை இருக்கிறது என்பது தெரியாது.

ஸ்டப்பிலேயே அட்டவணைக்கு ஒரு வகுப்பு எழுதுங்கள். பைடிஏஎலின் டேபிள் வகுப்பிலிருந்து பிறந்தது, உள்ளே ஒவ்வொரு புலமும் ஃபீல்ட் வகை. பிறகு டிஏஎலிலிருந்து பிறந்த இன்னொரு வகுப்பில் அந்த அட்டவணைகளைப் பட்டியலிட்டு, டிபி அந்த வகை என்று அறிவியுங்கள். அட்டவணை அதிகம் என்றால் கையால் எழுத வேண்டாம். டிபியின் 'டேபிள்ஸ்' எல்லா அட்டவணைப் பெயர்களையும் தரும், ஒவ்வொரு அட்டவணையின் 'ஃபீல்ட்ஸ்' புலப் பெயர்களைத் தரும். இரண்டு வளையங்கள் போட்டு ஸ்டப்பை எழுதித்தரும் சிறு நிரலை உருவாக்கி, வெப்2பையின் கட்டளைவரியில் பெரிய 'எஸ்' கொடியோடு செயலியின் பெயரும், மாடல்களை ஓட்ட பெரிய 'எம்' கொடியும், நிரலைச் சுட்ட பெரிய 'ஆர்' கொடியும் கொடுத்து ஓட்டுங்கள். அட்டவணை மாறும்போதெல்லாம் மறுபடி ஓட்டினால் போதும்.

வியூ கோப்புகளை மறந்துவிடுங்கள். எச்டிஎம்எல்லுக்குள் இரட்டை அடைப்புக்குறியில் இருக்கும் பைத்தானை பைலான்ஸ் படிப்பதில்லை.

சேவையகக் காவலன்

புதிய பகுதிகளைத் தனியாக எழுத அனுமதி கிடைத்தால் பை4வெப் பாருங்கள். வெப்2பையைத் தொடங்கிய மாசிமோ டி பியெரோவின் கைவண்ணம்தான் அதுவும். அதே டிஏஎல், ஆனால் டிபி, செஷன், ஆத் எல்லாம் செயலியின் 'காமன்' கோப்பிலிருந்து வெளிப்படையாக இறக்குமதியாகின்றன. அங்கே இந்த ஸ்டப் வித்தை எதுவும் வேண்டியதில்லை. பாதையில் பைடிஏஎல் இருந்தால் சரி.