சிடி ஸ்கேன்: வெட்டா, அடுக்கா, கீற்றா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

சிடி ஸ்கேனைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் பேசிவருகிறோம். அதற்கு குழுவிலுள்ள ஐயா ஒருவர் முன்வைத்த ‘முப்பரிமாண ஊடுகதிர்ப் படம்’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நீளம் ஒரு காரணம்தான். அதைவிட, மார்பு எக்ஸ்ரே பழசாகிவிட்டது, இது அதன் புதுப்பதிப்பு என்ற எண்ணத்தை அந்தச் சொல் விதைத்துவிடும். கதிர் ஒன்றுதான், வேலை வேறு.

எக்ஸ்ரேயில் விலா எலும்பு, இதயம், நுரையீரல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தளத்தில் விழுகின்றன. அது நிழல். இதயத்துக்குப் பின்னால் இருக்கும் சிறு கட்டி அதில் மறைந்துபோகலாம். சிடியில் கதிர்க்குழாய் உடலைச் சுற்றி வருகிறது. பல கோணங்களில் கிடைத்த அளவுகளைக் கொண்டு கணினி ஒவ்வொரு குறுக்குத் தளத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுத் தருகிறது. 1971இல் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சிடி கருவி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது இப்படித்தான்.

அதற்காக நிழலை மட்டமாக நினைக்க வேண்டாம். காய்ச்சலும் இருமலுமாக வருபவருக்கு நிமோனியாவா, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்ற முதல் கேள்விகளுக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரே போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்காகச் செருகிய குழாய் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கக் கருவியையே கட்டிலருகே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அந்த நிலையில் இருப்பவரை சிடி அறைக்குக் கொண்டுபோவதே ஆபத்து. கதிர்வீச்சையும் பாருங்கள்: மார்பு எக்ஸ்ரேக்கு ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), வழக்கமான மார்பு சிடிக்கு 6 அளவில். ஆனால் நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைத்திருந்தால் எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியாமல் போகலாம். அங்கே சாயமருந்து ஏற்றி எடுக்கும் சிடிதான் கைகொடுக்கும்.

இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் விருப்பம். ‘நிழற்படம்’ என்பதை ஃபோட்டோவுக்குக் கொடுத்துவிட்டோம். ஆகவே எக்ஸ்ரே படத்துக்கு ‘ஊடுநிழல்’ என்று வைக்கலாம்.

சிடிக்கு ‘வெட்டுவரைவு’ ஏற்கெனவே புழங்குகிறது, பொருளும் சரி. ஆனால் ‘உங்களுக்கு மார்பு வெட்டுவரைவு எடுக்கணும்’ என்றால், ஏற்கெனவே பயந்திருப்பவர் அறுவை சிகிச்சை என்றே நினைப்பார். ‘அடுக்குப்படம்’ நல்ல சொல், என்றாலும் அது குவித்து வைத்ததைச் சொல்கிறதே தவிர மெல்லியதாகப் பிரித்துக் காட்டுவதைச் சொல்லவில்லை. என் பரிந்துரை ‘கீற்றுப்படம்’. மாங்காய்க் கீற்று என்பதால் அரிந்த துண்டு எல்லாருக்கும் விளங்கும், ஒளிக்கீற்று என்பதால் கதிரும் உள்ளே வந்துவிடுகிறது.

உடலில் உலோகம் இருந்தால் சிடி படத்தில் அதனருகே தோன்றும் பொய்க்கோடுகளுக்குக் ‘கீற்று’ என்ற சொல் வேண்டுமே என்று குழுவிலுள்ள மருத்துவர் அம்மா கேட்டிருந்தார். அவற்றைப் ‘பொய்வரிகள்’ என்றே சொல்லிவிடலாமா, அம்மா?

இன்னொன்று. சிடி கருவியே முதலில் கதிர்க்குழாயைச் சுழற்றாமல் ஒரு தட்டையான படம் எடுக்கும். எங்கிருந்து எங்குவரை எடுப்பது என்று அதில்தான் குறிப்பார்கள். கருவியை வைத்துப் பெயரிட்டால் இதை எதில் சேர்ப்பது? படம் உருவாகும் முறையை வைத்துப் பெயரிட்டால் சிக்கலே இல்லை: அது ‘முன்நிழல்’, அப்புறம் வருபவை கீற்றுகள்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, நோயாளிகளோடு தினமும் பேசும் செவிலியர்களுக்கும் கதிர்ப்படத் தொழில்நுட்பர்களுக்கும் இந்தச் சொற்கள் வாயில் வருகின்றனவா என்று தெரிய வேண்டும்.