நாலு வயசு பையனுக்கு பாலர் பள்ளி பாக்கறோம், விளையாட்டு பள்ளிக்கு காசு கட்டலாமா? சுங்கை சிப்புட் பக்கம் உள்ளவங்க சொல்லுங்க

கவின் அம்மா:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க மலேசியா பேராக்ல சுங்கை சிப்புட், டவுன்லேருந்து கொஞ்சம் உள்ள, முந்தி ரப்பர் தோட்டமா இருந்த இடத்துல தமான், அதான் வீடமைப்பு குடியிருப்பு, கட்டிட்டாங்க அங்கதான் இருக்கோம். பையனுக்கு வர்ற ஜனவரிக்கு முன்னாடி நாலு முடிஞ்சிரும். வாய் நல்லா பேசுவான், தமிழ் கடகடன்னு வரும், மலாய் கார்ட்டூன் பாத்து கத்துக்கிட்டது கொஞ்சம், பென்சில மட்டும் கையில குடுத்தா தூக்கி எறிஞ்சிட்டு ஓடிருவான். வீட்டுக்காரருக்கு ஈப்போல வேலை, நான் கிளினிக் கவுண்டர்ல நிக்கிறேன், பகல்ல மாமியார்தான் பாத்துக்கறாங்க ஆனா அவங்களுக்கு முட்டி வலி வந்து இவன் பின்னாடி ஓட முடியல.

ரெண்டு எடம் பாத்தோம். ஒண்ணு டவுன்ல கடை வீட்டு மாடியில. ஏர்கோன், வரிசையா மேசை நாற்காலி, சேர்ந்த அன்னைக்கே பதினோரு பயிற்சி புத்தகம் பையில போட்டு குடுக்கறாங்க, வெள்ளிக்கிழமையானா சொல்வதெழுதுதல், வருச கடைசியில கவுன் தொப்பி போட்டு பட்டமளிப்பு. மாசம் 250 வெள்ளி (ரிங்கிட்). இன்னொண்ணு தமான்லயே கோடி வீடு, முன்னாடி மணல், ஒரு தொட்டி தண்ணி, ரெண்டு கோழி, உள்ள மரக்கட்டை, சாமான் செட்டு. அங்க 320. புத்தகமே கண்ணுல படல. எப்பம்மா எழுத படிக்க சொல்லி குடுப்பீங்கன்னு கேட்டா அந்த டீச்சர் சிரிச்சிக்கிட்டே "அதான் நடந்துக்கிட்டு இருக்கே"ங்கறாங்க. எனக்கு புடிச்சிருந்துச்சு, ஆனா என்ன புடிச்சிச்சுன்னு வீட்ல வந்து எடுத்து சொல்ல தெரியல.

மாமியார் ஒரே வார்த்தைதான். "தோட்டத்துல பிள்ளைங்கள பாத்துக்கற ஆயாக் கொட்டகையில எங்க பிள்ளைங்க காசு இல்லாமலேதான் மண்ணுல விளையாடிச்சிங்க, விளையாடி விளையாடி என்னத்த கண்டுச்சிங்க, ஒண்ணு கூட இடைநிலைப்பள்ளி அஞ்சாம் பாரம் தாண்டல, நீ மாசம் 320 குடுத்து விளையாட வைக்கிறியா." அவங்க முப்பது வருசம் பால்மரம் வெட்டினவங்க, அவங்க சொல்றத சும்மா தள்ளவும் முடியல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரெண்டு வாலு:

தங்கச்சி, என் கதைய சொல்றேன் கேளு. மூத்தவள இப்படித்தான் விளையாட்டு பள்ளின்னு ஒரு எடத்துல விட்டேன், பேரு வேணாம். ரெண்டு வருசம் சந்தோசமா போனா வந்தா. ஒன்னாம் ஆண்டு போன முதல் வாரமே அழுக. பக்கத்துல உள்ள பிள்ளைங்க எல்லாம் மலாய்ல வாக்கியம் வாசிக்குது, இவளுக்கு எழுத்தே தட்டி தடவி வருது, டீச்சரும் எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிக்கிட்டு வேகமா போறாங்க, முப்பது பேருல இவ ஒருத்திக்காக நிப்பாங்களா? அந்த வருசம் நான் ராத்திரி ராத்திரி உக்காந்து சொல்லி குடுத்தது எனக்குதான் தெரியும். சின்னவன நேரா எழுத்து பள்ளியில போட்டுட்டேன், ஒரு பிரச்சன இல்ல. விளையாட்ட வீட்ல விளையாடிக்கட்டும் லா.

மணல் டீச்சர்:

கவின் அம்மா, நான் வேற மாநிலத்துல தமிழ்ப்பள்ளி பாலர் வகுப்புல இருக்கேன், பதினாறு வருசம் ஆச்சு. மேல அக்கா சொன்னது பொய் இல்ல, அப்படி பிள்ளைங்கள நானும் பாத்திருக்கேன். ஆனா அது விளையாட்டோட தப்பு இல்ல, அங்க யாரும் விளையாட்ட நடத்தல, சாமான கொட்டிட்டு டீச்சர் போன் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. விளையாட விடறது வேற, விளையாட வச்சு சொல்லி குடுக்கறது வேற. ரெண்டாவதுக்குதான் உடம்பு நோகும், மேசையில உக்கார வச்சு பேப்பர் குடுக்கறது எவ்வளவோ ஈசி, நானும் சோர்ந்து போன நாள்ல அதத்தான் செய்வேன், ஒத்துக்கறேன்.

இது வெளிநாட்டு பேஷனும் இல்ல. 2010ல வந்த கே.எஸ்.பி.கே, அதான் நாடு முழுக்க பாலர் பள்ளிக்கு வச்ச பாடத்திட்டம், 2017ல அத திருத்தினாங்க, அதுலயே விளையாட்டு வழி கற்றல்னு தெளிவா போட்டிருந்தாங்க. பதினோரு பயிற்சி புத்தகம் அதுல எங்கயும் இல்ல, அது கடைக்காரருக்கும் பள்ளிக்கும் உள்ள கணக்கு.

பென்சில தூக்கி எறியறான்னு சொன்னீங்க. அவன திட்டாதீங்க. நம்ம மணிக்கட்டுல எட்டு சின்ன எலும்பு இருக்கு, பிறக்கும்போது அது எல்லாம் வெறும் குருத்தெலும்பு, ஒண்ணு ஒண்ணா கெட்டியாகி முடிய பத்து வயசுக்கு மேல ஆகும். நாலு வயசு கைய எக்ஸ்ரே எடுத்து பாத்தா அந்த எட்டுல மூணு நாலுதான் தெரியும், மீதி எடம் காலியாத்தான் இருக்கும். அந்த கையில ஒரு பக்கம் பூரா "அ" எழுத சொன்னா வலிக்கத்தானே செய்யும். அதுக்கு பதிலா என்ன செய்யலாம்னா மாவு பிசையட்டும், துணி கிளிப்ப கயித்துல மாட்டட்டும், ஈர துணிய பிழியட்டும், கச்சான், அதான் வேர்க்கடலை, உரிக்கட்டும். என் வகுப்புல ஒரு பொண்ணு மூணு மாசம் பென்சில தொடல, தெனமும் தண்ணி தொட்டியில ஸ்பாஞ்ச பிழிஞ்சி பிழிஞ்சி ஒரு வாளியிலேருந்து இன்னொரு வாளிக்கு மாத்திக்கிட்டே இருந்தா. நாலாவது மாசம் தானா வந்து சுண்ணாம்புக் கட்டிய எடுத்து தரையில தன் பேர எழுதினா, ஒரு எழுத்து தலைகீழா இருந்துச்சு ஆனா கோடு நடுங்கல.

அந்த கோடி வீட்ட முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு சாதாரண நாள்ல, முன்கூட்டி சொல்லாம போயி, அங்கயே கேட்டுக்கிட்டு, ஒரு மணி நேரம் ஓரமா உக்காந்து பாருங்க. செவுத்துல உள்ள படத்த பாக்காதீங்க. அதுலயும் இருபது படமும் ஒரே மாதிரி இருந்தா டீச்சர் ஒட்டினதுன்னு வச்சிக்கோங்க. டீச்சர் வாய பாருங்க. பிள்ளை ரெண்டு கோப்பையில தண்ணி ஊத்தறான்னா, ஒண்ணு ஒசரம் ஒண்ணு அகலம், டீச்சர் என்ன கேக்கறாங்க? "எதுல நெறைய இருக்கு, எப்படி தெரியும், ஊத்தி பாப்பமா"ன்னு கேட்டா அது கணக்கு பாடம். "ஏய் கீழ ஊத்தாத"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தா உங்க மாமியார் சொல்றதுதான் சரி, 320 தண்டம். ரெண்டு பிள்ளை ஒரே லாரி பொம்மைக்கு அடிச்சிக்கும் கட்டாயம், அப்ப பிடுங்கி மேல வைக்கிறாங்களா, உக்காந்து பேச வைக்கிறாங்களான்னும் பாருங்க. கத வாசிச்சி காட்டறாங்களா, தமிழ்ல வாசிக்கறாங்களா, இதயும் கேளுங்க. அக்காவோட மூத்த பொண்ணுக்கு அதுதான் கெடைக்காம போயிருக்கும்னு எனக்கு தோணுது, பாட்டும் கதையும் தெனமும் காதுல விழாம எழுத்து ஒட்டாது.

இன்னொண்ணு, தமிழ்ப்பள்ளிக்குள்ளயே உள்ள பாலர் வகுப்புக்கும் மனு போட்டு வைங்க. பள்ளி கட்டணம் கெடையாது, சாப்பாடும் உண்டு, ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். வகுப்புக்கு 25 பேருதான், எடம் பத்தலன்னா ஒரு வயசு மூத்த பிள்ளைங்களத்தான் மொதல்ல எடுப்பாங்க, அதனால இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம்.

காடிக்காரன்:

டீச்சர் நல்லா சொன்னீங்க. நான் சுருக்கமா ஒண்ணு. பேர் பலகைய நம்பாதீங்க. மோன்டசோரின்னு பெருசா போட்டிருந்துச்சுன்னு ஒரு எடத்துல மகள சேத்தேன், உள்ள போனா மரச்சாமான் எல்லாம் கண்ணாடி அலமாரியில பூட்டி வச்சிருக்கு, விசிட்டர் வந்தா தொறப்பாங்களாம். அப்பறம்தான் படிச்சி பாத்தேன், அந்தம்மா 1907ல ரோம்ல ஏழை பிள்ளைங்களுக்கு பள்ளி தொறந்தவங்க, அந்த பேர யார் வேணும்னாலும் போட்டுக்கலாமாம், தடுக்க ஆளில்ல. அதவிட முக்கியம் கல்வி இலாகாவுல பதிவு செஞ்ச சர்டிபிகேட் மாட்டியிருக்கான்னு பாருங்க. நாலு வயசுக்கு கீழன்னா தாஸ்கா, அதான் பிள்ளை பராமரிப்பு நிலையம், அது சமூக நல இலாகா கீழ வரும், பாலர் பள்ளின்னா கல்வி அமைச்சு. சமைக்கிறவங்க டைபாய்டு ஊசி போட்டிருக்காங்களா, கை கால் வாய் நோய் வந்தா என்ன செய்வாங்க, அதையும் கேட்டுருங்க.

தோட்டத்து பையன் 62:

பாப்பா, உன் மாமியார் பேச்ச படிச்சிட்டு சும்மா போக முடியல. நானும் ஆயாக் கொட்டகையில வளர்ந்தவன்தான். விடிய கருக்கல்ல அம்மா பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கற எடத்துக்கு, போகும்போது தூக்கத்துலயே தூக்கிட்டு போயி ஏணையில போட்டுருவாங்க, கண்ண முழிச்சா அத்தாப்பு ஓலை கூரை, பக்கத்துல இன்னும் பதினஞ்சு பிள்ளைங்க, ஒரே ஒரு ஆயா. அந்த கெழவிக்கு பால் ஆத்தவும் மூக்கு தொடைக்கவுமே நேரம் பத்தாது, எங்க போயி பாடம் நடத்துறது. நாங்க ரப்பர் கொட்டைய பொறுக்கி ஒண்ணு மேல ஒண்ணு வச்சி அடிப்போம், உடையாத கொட்டைக்குதான் கெத்து. அஞ்சாங்கல்லு ஆடுவோம், மலாய்க்கார பசங்க அதையே பத்து சிரம்பான்னுவாங்க, மலாய்ல பத்துன்னா கல்லு. அவ்வளவு ஆடினோம், அதுல எத்தன எண்ணினோம் எத்தன கூட்டினோம், ஒரு ஆளு கூட பக்கத்துல உக்காந்து "அஞ்சுல ரெண்ட எடுத்தா எத்தனடா"ன்னு கேட்டதில்ல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் எங்களுக்கும் கணக்கு வரும்னு. பிள்ளைங்க மேல வராததுக்கு விளையாட்டு காரணம் இல்ல ஆயி, கேக்க ஆளில்லாததுதான். அப்பறம் சம்பளம், தூரம், பன்னெண்டு வயசுல நெரைக்கு, அதான் பால்மரம் வெட்டற வரிசைக்கு, கூட போனது, அத எல்லாம் மண்ணு மேல பழி போட்டா எப்படி.

இன்னொரு வேடிக்க. கின்டர்கார்டன்னா ஜெர்மன்ல பிள்ளைங்க தோட்டம்னு அர்த்தமாம், 1840ல ஃப்ரோபல்ங்கறவரு வச்ச பேரு, அவரும் பிள்ளைங்களுக்கு மரக்கட்டையும் பந்தும்தான் குடுத்தாரு. நம்ம பாலர் பள்ளிய மலாய்ல சொல்ற தாடிக்காவும் தாமான் டிடிக்கான் கானாக் கானாக்தான், அதுலயும் தாமான் இருக்கு, தாமான்னா தோட்டம். நாங்க பொறந்ததே தோட்டத்துல, தோட்டத்துக்காரன்னு சொல்லிக்கவே கூச்சப்பட்டோம். மாமியார கூட்டிக்கிட்டு போ மா, வீட்ல வச்சி வாதாடாத. அவங்க கண்ணால பாக்கட்டும்.

ரெண்டு வாலு:

அண்ணே கண்ணு கலங்கிருச்சு. டீச்சர், நீங்க சொன்னது யோசிச்சு பாத்தேன், அந்த எடத்துல கத புத்தகம் பாத்த ஞாபகமே இல்ல. சரி ஆனா ஒன்னாம் ஆண்டுல வேகமா போறாங்களே அதுக்கு என்ன செய்ய?

மணல் டீச்சர்:

அக்கா, அந்த பயம் பாதி பழைய பயம். ஒன்னுலேருந்து மூணாம் ஆண்டு வரைக்கும் பரீட்சைய 2019லயே எடுத்துட்டாங்க, ஆறாம் ஆண்டுல எழுதற யு.பி.எஸ்.ஆர் பரீட்சையும் 2021ல போயிருச்சு. மீதி பாதி உண்மை, வகுப்பு பெருசு, டீச்சருக்கு அவசரம். அதனால அஞ்சு வயசுல, ஆறு வயசுல எழுத்து வேணாம்னு நான் சொல்லவே இல்ல, நாலுல பென்சில திணிக்காதீங்கன்னுதான் சொல்றேன். கோடி வீட்டு டீச்சர்கிட்ட ஆறு வயசு பிள்ளைங்க என்ன வாசிக்குதுன்னு காட்ட சொல்லுங்க, அங்க தெரிஞ்சிரும்.

கவின் அம்மா:

எல்லாருக்கும் நன்றி, லேட்டா எழுதறேன் மன்னிச்சிருங்க, கிளினிக்ல ஒரே காய்ச்சல் கேசு.

நேத்து லீவு எடுத்துக்கிட்டு மாமியாரையும் கூட்டிக்கிட்டு போனேன், சொல்லாம கொள்ளாம பத்து மணிக்கு. டீச்சர் ஒரு மாதிரி முழிச்சாங்க ஆனா உள்ள விட்டாங்க. நாலஞ்சு பிள்ளைங்க பொம்மை காடிய சேத்துல ஓட்டிட்டு தொட்டியில கழுவி "கடை" நடத்துதுங்க, ஒரு காடிக்கு ரெண்டு கல்லு கூலியாம். டீச்சர் ஒரு லாரிய கொண்டு போயி இது பெருசு, இதுக்கும் ரெண்டு கல்லுதானான்னு கேட்டாங்க. ஒரு பொண்ணு இடுப்புல கைய வச்சிக்கிட்டு, லாரிக்கு ஆறு சக்கரம் டீச்சர், மூணு கல்லு குடுங்கன்னுச்சு. நான் மாமியார் மூஞ்சிய பாத்தேன், ஒண்ணும் சொல்லல, ஆனா உதட்டு ஓரத்துல லேசா.

ஆறு வயசு பிள்ளைங்க உள் ரூம்ல. ஒருத்தன் தமிழ் கத புத்தகத்த விரல் வச்சி வாசிச்சான், மெதுவாத்தான், ஆனா படத்த பாத்து அடிச்சி விடல. மலாய் அதவிட வேகமா வந்துச்சு. எனக்கு போதும்னு ஆயிருச்சு.

திரும்பி வர்ற வழியில மாமியார் சொல்றாங்க, "எல்லாம் சரிதான், மணலுக்கு பின்னாடி லொங்காங் தொறந்து கெடக்கே, யாராச்சும் பாத்தீங்களா?" நெசமாவே நான் பாக்கல. சுவரோரமா சாக்கடை ஒரு முழ அகலத்துக்கு, மேல பலகை ஒண்ணு சாத்தி வச்சிருக்கு அவ்வளவுதான், பிள்ளை மிதிச்சா பொரண்டுரும். தோட்டத்துல அப்படி ஒரு பிள்ளை காலு மாட்டி வீங்கினத இன்னும் சொல்லுவாங்க. உடனே டீச்சருக்கு போன் அடிச்சேன், இரும்பு மூடிக்கு சொல்லியிருக்கோம் அடுத்த வாரம் வரும்னாங்க. மூடி வந்தப்பறம்தான் முன்பணம் கட்டணும்னு மாமியார் கண்டிசன், அவங்களே போயி மிதிச்சி பாப்பாங்களாம், முட்டி வலியோட.

தமிழ்ப்பள்ளி பாலர் வகுப்புக்கும் மனு போட போறேன். டீச்சர், பிறப்பு சூராட் (சான்றிதழ்) காப்பி, எங்க ஐ.சி (அடையாள அட்டை) காப்பியோட சம்பள சிலிப்பும் கேப்பாங்களா?