மறுமொழி: 'ஸ்டிக்மா'வுக்குக் 'களங்கம்' வேண்டாம்

அன்பின் நண்பர்களுக்கு,

உளநோயாளர்மேல் ஊர் ஏற்றுகிற இழிவை ஆங்கிலத்தில் 'ஸ்டிக்மா' (stigma) என்கிறார்கள். அதைத் தமிழில் 'களங்கம்' என்று எழுதவேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு வந்த கேள்வி இது:

> களங்கம் நல்ல சொல், எவருக்கும் விளங்கும். புதிது எதற்கு?

விளங்குவதுதான் சிக்கல், ஐயா. சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு மனநலக் கிளினிக்குக்குத் துண்டுப்பிரசுரம் எழுதிக் கொடுத்தேன். 'உளநோய்க் களங்கத்தைக் களைவோம்' என்பது தலைப்பு. மகனை அழைத்து வந்திருந்த ஒரு தாய் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "என் பிள்ளையில் என்ன களங்கத்தைக் கண்டீர்கள், தம்பி?" என்று கேட்டார். அவருடைய கிளினிக் கொப்பி பழைய பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டு மரக்கறிப் பையின் அடியில் இருந்தது. பஸ்ஸில் ஊரவர் கண்ணில் படக்கூடாதாம். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நிலவின் களங்கம் நிலவில்தான் இருக்கிறது. கறை, இழுக்கு, வடு எல்லாமே அப்படித்தான். உடையவரிடம் உள்ள குறையையே சொல்கின்றன. நாம் பெயர் தேடுவதோ ஊர் அவர்மேல் ஏற்றுகிற ஒன்றுக்கு. கிரேக்கத்தில் 'ஸ்டிக்மா' என்ற சொல், அடிமைகளின் உடலிலும் குற்றவாளிகளின் உடலிலும் பிறர் பொறித்த குறியைக் குறித்தது.

நம் ஊர்களில் மாட்டுக்குக் குறிசுடுவார்கள். காய்ச்சிய கம்பி சுடுபவன் கையில் இருக்கும். மாட்டில் பிழை ஏதும் இல்லை. ஆகவே 'சுடுகுறி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். வினைத்தொகை என்பதால் சுட்ட குறி, சுடுகின்ற குறி, சுடும் குறி மூன்றும் அதில் அடங்கும். கொப்பியை ஒளித்த அந்தத் தாய்க்கு மூன்றும் பொருந்தும். வினையாக 'சுடுகுறியிடல்'. ஊர்ப்பேச்சை நோயாளியே நம்பிக் குறுகிப்போவதற்குத் 'தற்சுடுகுறி'. வேலை தர மறுப்பது, வீடு வாடகைக்குக் கொடுக்க மறுப்பது போன்ற செயல்களுக்குப் 'பாகுபாடு' இருக்கிறது, அதைத் தொடவேண்டியதில்லை.

நாம் எவ்வளவு எளிதாகக் குறிசுடுகிறோம் என்பதற்கு 'விசர்' (பைத்தியம்) என்ற வசை மட்டும் சாட்சியல்ல. மந்திகை, அங்கொடை என்ற ஊர்ப்பெயர்களையே வசையாக்கிவிட்டோம். மனநோய்க்கு வைத்தியம் செய்ததைத் தவிர அந்த ஊர்கள் வேறென்ன செய்தன?

சொல்லை மாற்றினால் மனம் மாறுமா என்று இந்த இழையில் ஓர் அக்கா கேட்டிருந்தார். சொல் மட்டும் போதாது. ஆனால் 2002இல் ஜப்பானில், நோயாளிகளின் குடும்பத்தினரின் வேண்டுகோளை ஏற்று, ஸ்கிசோஃப்ரினியா என்ற உளநோய்க்கு வழங்கிய 'மனப்பிளவு நோய்' என்ற பொருளுடைய பெயரை உளமருத்துவர் சங்கம் கைவிட்டது. 'ஒருங்கிணைவுக் குலைவு' என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தது. மூன்றே ஆண்டுகளில், நோயின் பெயரை நோயாளியிடமே தெரிவித்த சந்தர்ப்பங்கள் 36.7 வீதத்திலிருந்து 69.7 வீதமாக உயர்ந்தன. மருத்துவர் நாவுக்கே பழைய பெயர் கூசியிருக்கிறது. அந்த நோயை நாம் இன்னும் 'மனச்சிதைவு' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்குத் தனி இழை தொடங்கவேண்டும்.

ஒரு தடை எனக்கே தெரிகிறது. சுட்ட குறி அழியாது. அப்படியானால் 'சுடுகுறி நீக்கம்' என்று எப்படி எழுதுவது? 'குறிசுடாமை' என்று எழுதலாம் என நினைக்கிறேன். கம்பியைக் கீழே வைக்கவேண்டியவர்கள் நாம்தானே.

பிரசுரத்தின் மறுபதிப்பு அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. 'உளநோயாளருக்குக் குறிசுடாதிருப்போம்' என்று தலைப்பை மாற்றியிருக்கிறேன். ஒரு தாய் வாசித்தால் மறுபடியும் நோகுமா என்று பார்த்து, அதற்குமுன் எழுதுங்கள்.

அன்புடன்,
கோண்டாவிலிலிருந்து