"நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?": இந்தப் படிவத்தை நம்பலாமா?

மேலூரான்: எங்கள் ஊருக்கு உணவுக் கணக்கெடுப்புக்கு வந்தார்கள். எண்ணெய்ப் பலகாரம் எவ்வளவு அடிக்கடி என்று கேட்டதற்கு என் சித்தப்பா "எப்பவாவது" என்றார். தினமும் சாயங்காலம் டீயோடு இரண்டு வடை உள்ளே போகிறது! படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ரத்தம், சிறுநீர் எடுங்கள்.

கோரிப்பாளையம் டயட்டீஷியன்: சித்தப்பா பொய் சொல்லவில்லை, வடையை அவர் சாப்பாட்டுக் கணக்கில் வைக்கவே இல்லை. அமெரிக்க வேளாண் துறை முறையில் 24 மணி நேரச் சாப்பாட்டை ஐந்து சுற்றாகக் கேட்பார்கள். முதல் சுற்றில் குறுக்கே பேசாமல் சொல்ல விடுவார்கள். இரண்டாவது சுற்றே மறந்துபோகும் பண்டங்களுக்குத்தான். நம்மூரில் அங்கே டீ, வடை, பருத்திப்பால், கோயில் பிரசாதம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அப்புறம் நேரம், அளவு, கடைசியாக ஒரு சரிபார்ப்பு. "ஒரு கப்" என்று கேட்காமல் அவர்கள் வீட்டு டம்ளரிலேயே தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளலாம்.

மேலூரான்: சரி, சால்னாவில் மிதக்கிற எண்ணெயை எதில் அளப்பீர்கள்?

கோரிப்பாளையம் டயட்டீஷியன்: வீட்டுச் சமையல் என்றால் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறார்கள் என்று சமைப்பவரிடம் கேட்டு ஆட்களுக்குப் பிரிக்கலாம். கடைப் பரோட்டாவுக்கு உத்தேசம்தான்.

கணக்கு வாத்தியார்: இரண்டு பேரும் இரண்டு விஷயத்தைக் கலக்கிறீர்கள். மறுபடி கேட்டால் அதே பதில் வருகிறதா என்பது ஒன்று, பதில் உண்மையா என்பது வேறு. சித்தப்பா இரண்டு தடவையும் "எப்பவாவது" என்றால் முதல் சோதனையில் படிவம் பாஸ்! உடல் செலவழிக்கும் ஆற்றலை ஐசோடோப்பு (அதே தனிமத்தின் எடை கூடிய அணு) கலந்த நீரைக் குடிக்கவைத்து அளந்து, சொன்ன சாப்பாட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், மக்கள் குறைத்தே சொல்வது தெரிந்தது. எடை கூடியவர்கள் இன்னும் அதிகமாகக் குறைத்தார்கள். ஒரே நாளை வைத்து வழக்கத்தை முடிவு செய்வதும் தப்பு. ஞாயிறு கறி எடுக்கும் வீட்டில் புரட்டாசியில் போய்க் கேட்டால் என்ன கிடைக்கும்?

மேலூரான்: அதனால்தான் சிறுநீர் என்கிறேன்.

கோரிப்பாளையம் டயட்டீஷியன்: சாப்பிட்ட சோடியத்தில், அதாவது உப்பில் இருப்பதில், சுமார் 90% 24 மணி நேரச் சிறுநீரில் வந்துவிடும், உண்மை. அது ஊறுகாயில் வந்ததா கருவாட்டில் வந்ததா என்று சிறுநீர் சொல்லாதே! நாள் முழுக்கச் சிறுநீர் பிடிக்கக் கேனைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு யார் போவார்? சிலரிடம் மட்டும் எடுத்து, படிவம் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கலாம்.

மேலூரான்: ஒரு நாள் போதாது என்கிறீர்கள், நடவு நேரத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போய்ப் பாருங்கள், கதவு பூட்டியிருக்கும்.

கணக்கு வாத்தியார்: இருட்டின பிறகு போக வேண்டும். பகலில் போய், வீட்டிலிருக்கும் பாட்டியிடமே எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டு எழுதினால் எந்த முறையும் உதவாது.