ஓஏடி தேர்வுக்கு எந்தப் பயிற்சி நூலை வாங்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் உயிரியல் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் என் மகள், ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனைத் துறை) கல்லூரிகளில் சேர்வதற்கான ஓஏடி தேர்வை வரும் கோடையில் எழுதவிருக்கிறாள். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் மூன்றும் சேர்ந்த அறிவியல் பகுதியில் 100 வினாக்களுக்கு 90 நிமிடங்களே தரப்படுவதால், பாடம் தெரிந்திருந்தாலும் வேகம் போதாதோ என்று தயங்குகிறாள்.

பல் மருத்துவச் சேர்க்கைக்கான டிஏடி நூல்கள் உறவினர் வீட்டிலிருந்து கிடைத்திருக்கின்றன. வேதியியலுக்கு அவை பயன்படும் என்றாலும், ஓஏடியில் இருக்கும் இயற்பியல் பகுதி டிஏடியில் கிடையாது. அவள் தடுமாறுவதோ இயற்பியலில்தான், அதிலும் குறிப்பாக ஒளியியலில். (கண் பரிசோதனைத் துறைக்குப் போகிறவளுக்கு ஒளியியல் வரவில்லையா என்று வீட்டில் கேலி வேறு.)

ஆகவே, கப்லான் நிறுவனத்தின் ஓஏடி பயிற்சி நூலை வாங்குவதா, ஓஏடி பூட்கேம்ப் போன்ற இணையப் பயிற்சிக்குச் சந்தா கட்டுவதா, அல்லது கையிலிருக்கும் நூல்களோடு கல்லூரி இயற்பியல் பாடநூலையே மீண்டும் படித்தால் போதுமா என்று தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன். அண்மையில் தேர்வெழுதியவர்கள் இருந்தால், தாங்கள் பயன்படுத்திய மாதிரித் தேர்வுகள் உண்மைத் தேர்வின் கடினத்தோடு ஒத்திருந்தனவா என்பதையும் குறிப்பிடுங்கள்.